மிதி நின்றால் நின்றுவிடும் குரல்

நான் செய்த தறியில் ஒரு முழம் துணிகூட நெய்ய முடியாது. அதில் நீளவாட்டில் பூட்டும் பாவு நூல் கிடையாது, குறுக்கே நூல் ஓட்டும் நாடா கிடையாது. உட்கார ஒரு பலகை, நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழிக்குப் பதிலாகக் கறுப்பு வண்ணம் அடித்த ஒரு மரப்பெட்டி, அதற்குள் காலால் அழுத்த இரண்டு மிதிகள். அவ்வளவுதான். மிதிகளுக்கு அடியில் அழைப்புமணியின் பொத்தான்களை வைத்து, அவற்றின் கம்பிகளை ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டின் வயிற்றுக்குள் கொண்டுபோய் ஒட்டியிருந்தேன். யாராவது உட்கார்ந்து இடது, வலது என்று சீராக மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசுவாள். மிதி தடுமாறினால் பேச்சு அறுந்து, மறுபடி முதல் வாக்கியத்துக்கே போய்விடும். மொத்தம் நான்கு நிமிடப் பேச்சு. நான்கு நிமிடமும் தடுமாறாமல் மிதிக்கிறவருக்கு மட்டும்தான் கடைசிவரை கேட்கும்.

அப்போது சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர் கைவைத்தால்தான் முழுமையாகிற கலை என்பதைப் பற்றித்தான் எங்கள் வகுப்பில் ஓயாத பேச்சு. கம்ப்யூட்டர் படித்த ஒரு தோழி புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். மிதியும் பலகையும் நான் ஆரணியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவை. குரல் மட்டும் எனக்குச் சொந்தமில்லை. அது ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடையது.

எங்கள் அப்பா பட்டுச்சேலை முதலாளி. பட்டு நூலையும் ஜரிகையையும் தறிக்காரர்களுக்குக் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி விற்பவர். அவளுடைய வீடு எங்களுக்கு நெய்த வீடுகளில் ஒன்று. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா நெய்வார், இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பாள். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். கணக்கு டீச்சரின் இருமலை, பஸ் கண்டக்டர் "களம்பூர், களம்பூர்" என்று கத்துவதை, எங்கள் அப்பா சேலையை விரித்துப் பார்த்து "ம்ம்" என்பதைக்கூட. வகுப்பே சிரிக்கும்போது அவள் மட்டும் சிரிக்காமல் இருப்பாள்.

ஆறாம் வகுப்பின் அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவள் வரவில்லை. அவள் அம்மாவின் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சேலைக் கரை போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. வகுப்பில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் இடம் கொஞ்சம் தாராளமானது என்று நான்கூட நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

தறிகளில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் வீடுவீடாக வந்து பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பாவுக்கு எங்கிருந்தோ தகவல் வந்தது. வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

"ஜல்தி போ. அத்த வீட்ல சொல்லு, ஜீப்பு வந்துகினு கீதுன்னு. பொண்ண உள்ள வைக்கச் சொல்லு."

அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் தெருமுனையில் திரும்பிவிட்டது. பின்பக்கம் போக நேரமில்லை. அத்தை அவளைத் தறிக்குழிக்குள் இறக்கினார். தான் எப்போதும் போல மேலே உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். மடியிலிருந்து பலகைக்கு ஒரு பழைய துணியை இழுத்து விட்டார். என்னைப் பார்த்து, "நீ வாசல்ல போய் நில்லு பாப்பா" என்றார்.

நின்றேன். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ஒரு பெண். கையில் ஃபைல், காலில் தூசி படிந்த செருப்பு. யூனிஃபார்மில் இருந்த என்னைப் பார்த்ததும் முகம் இளகிவிட்டது.

"எந்தக் கிளாஸ்மா படிக்கிற?"

"ஆறாவது."

"இந்த வீட்ல உன் வயசுல ஒரு பொண்ணு இருக்காமே?"

"ஆமாங்க. அவ பெரணமல்லூருக்குப் போயிட்டாங்க. மாமா வீட்ல தங்கிப் படிக்கிறா."

பெரணமல்லூர் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகச் சொன்னது. அங்கே அவளுக்கு ஒரு மாமா இருந்தது உண்மை என்பதால் பொய் சுலபமாக வந்தது. அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தை நெய்துகொண்டிருந்தார். தறிச் சத்தம் நிற்கவே இல்லை. "நல்லா படி" என்று என் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன், மதியம் முதல் மணிக்கு நேரமாகிவிட்டதே என்று.

பத்து வருடம் கழித்து, கல்லூரியிலிருந்து ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வாங்கிக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். அவள் உள்ளூரிலேயே கல்யாணமாகி, நாலு வயதுப் பெண்ணுக்குத் தாயாக இருந்தாள். கணவன் விசைத்தறிக்கூடத்துக்குப் போனான். இவள் வீட்டில் கைத்தறி போட்டிருந்தாள். அத்தையும் அவளோடுதான் இருந்தார். நான் போன இரண்டு மதியங்களிலும் அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

"என் கொரல வச்சி இன்னாடி பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"கண்காட்சில வைப்பேன். படிக்க முடியாமப் போன பிள்ளைங்களப் பத்தி."

"நான் பேசினா யாரு கேப்பாங்க?"

"எல்லாரும் கேப்பாங்க."

அவள் வேலையை நிறுத்தாமலே பேசினாள். அதனால் பேச்சுக்கு அடியில் தறிச் சத்தமும் பதிவானது. கணக்கு டீச்சரின் இருமலை மறுபடி இருமிக் காட்டினாள். அதே இருமல். பள்ளிக்கூட மணி தறிவரைக்கும் கேட்கும் என்றும், மணியை எண்ணி இப்போது எந்தப் பாடம் நடக்கும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கரை போடுவாள் என்றும் சொன்னாள். இரண்டாம் நாள், நான் கேட்காமலே, குழிக்குள் இருந்த அந்த மதியத்தைக் கருவியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மா நிறுத்தல. நிறுத்துனா சந்தேகம் வந்துடும்னு மிதிச்சிகினே இருந்துச்சு. நான் கீழ குந்திகினு கீறேன். மிதி எறங்கறப்பல்லாம் என் முதுகுல படும். துணி இடுக்குல அந்த ஆபீசரம்மா செருப்பு தெரியுது. ஒரு வாட்டி இருமியிருந்தா போதும். நான் இருமல. வாசல்ல இவ நின்னுகினு, ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிகினு கீறா. எனக்கு சிரிப்பு வந்துச்சு, அந்த மாமா வீட்டுக்கு நான் போனதே கெடயாது."

சொல்லிவிட்டு நிஜமாகவே சிரித்தாள். பிறகு நாடாவை ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத மட்டும் போடாதடி. அம்மா கேட்டா தாங்காது."

"போடமாட்டேன்" என்றேன்.

சென்னைக்கு வந்து கம்ப்யூட்டரில் கேட்டபோது, பதிவு செய்த மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு இணையாக வேறெதுவும் இல்லை என்று தெரிந்தது. இரண்டு நாள் அதை ஒதுக்கி வைத்துப் பார்த்தேன். மற்றது எல்லாம் ஏற்கெனவே எங்கோ கேட்டது போல இருந்தது. மூன்றாம் நாள் அதை எடுத்துக் கடைசியில் ஒட்டினேன். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இது: இந்த இடம்வரைக்கும் யாரும் மிதித்து வந்து சேரப்போவதில்லை. எனக்கே ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது. அது ஒளித்து வைத்தது மாதிரிதான்.

"வாசல்ல இவ நின்னுகினு" என்று தொடங்கி, சிரிப்பு வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டேன். "இவ" யாரென்று கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும் என்று தோழியிடம் காரணம் சொன்னேன். அவளும் சரி என்றாள். வெட்டிய இடம் தெரியாதபடி தறிச் சத்தத்தை நீட்டி மூடினேன். அந்த வேலையை மட்டும் மிகச் சுத்தமாகச் செய்திருந்தேன்.

சென்னைக் கண்காட்சியில் அதற்கு எப்போதும் வரிசை நின்றது. புடவையை ஒதுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்வார்கள். நாலு மிதி, ஐந்து மிதி. குரல் தொடங்கும், கால் பிசகும், குரல் அறுபடும். சிரிப்பார்கள். மறுபடி முயல்வார்கள். பள்ளிக்கூட மணியைச் சொல்லும் இடம்வரை வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பார்க்கிறவரின் காலையே அந்த உழைப்புக்குள் இழுத்துவிட்டதாக ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அதை வெட்டி டைரிக்குள் வைத்தேன். சமூகத்தைக் கேள்வி கேட்கும் கலைஞர் என்று மேடையில் ஒருவர் என்னை அறிமுகப்படுத்தியபோது, கைதட்டலுக்குக் கொஞ்சம் தலைகுனிந்து நின்றேன். அது அடக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கடுத்த மாதம் ஆரணியில் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். ஊர்ப்பெண் என்று என்னையும் கூப்பிட்டார்கள். தறியைக் கொண்டுபோகும்போது கடைசித் துண்டை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து நிமிட வேலை. எடுக்கவில்லை. தோழி ஊரில் இல்லை, நான் கைவைத்தால் புரோகிராம் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் ஊர்க்காரர்களுக்கு முன்னால் அதைக் குறையோடு வைக்க எனக்கு மனமில்லை. இன்னொன்றையும் யோசிக்காமல் விட்டேன். சென்னையில் யாருக்கும் கால் பழகவில்லை. இங்கே வரப்போகிறவர்கள் பாதிப்பேர் நெசவுக்காரர்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். அவள், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மாவோடு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். தன் குரலைக் கேட்க வந்தவள். மண்டபத்தில் இருபது முப்பது பேர், பெரும்பாலும் அக்கம்பக்கத் தெருக்களின் பெண்கள்.

"இன்னா இது, குழியே இல்லாம தறியா?" என்று அத்தை சிரித்தார். நான் தடுப்பதற்குள் பலகையில் உட்கார்ந்துவிட்டார். தடுப்பதற்குள் என்று எழுதுகிறேன். தடுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் என்பதுதான் சரி.

அத்தையின் கால் மிதியில் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருடம் மிதித்த கால் அது. பிசகவே இல்லை. மகளின் குரல் வந்ததும் அத்தையின் முகம் மலர்ந்தது. "ஏ, இவதான்! கேளுங்கடி, இவ கொரலு!" என்றார். டீச்சரின் இருமல் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூட மணி வந்தது. அத்தை குனிந்து மிதியைப் பார்த்தார். கால் ஓடிக்கொண்டே இருந்தது. அறுந்து அறுந்து கேட்டே எனக்குப் பழகிப்போயிருந்த குரல், முதல் முறையாக வேறொருவர் காலில் மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் சுவரோரம் இருந்த ஸ்விட்ச் போர்டுக்கு அருகில்தான் நின்றிருந்தேன். கையை நீட்டினால் எட்டும். அணைக்கவில்லை. ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். பயத்தில் உறைந்துவிட்டேன் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் தறியை முழுதாக ஒருவர் கேட்பதை நான் பார்க்க விரும்பினேன்.

"அம்மா நிறுத்தல" என்று குரல் சொன்னது.

அத்தை நிறுத்தவில்லை. முதுகில் மிதி பட்டதைக் கேட்டார். செருப்பைக் கேட்டார். நான் இருமல என்பதைக் கேட்டார். குரல் முடிந்து வெறும் தறிச் சத்தம் ஓடியபோதும் கால் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு நின்றது. குழந்தை, "ஆயா, இன்னொரு வாட்டி" என்றது.

அத்தை என்னைப் பார்த்தார். கோபமில்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போன மாதிரியான ஒரு பார்வை.

"உங்க அப்பா அனுப்பிதான பாப்பா நீ ஓடி வந்த? வாசல்ல நின்னு அந்தம்மாகிட்ட பேசினது நீதான? இது ஏன் அத சொல்லல?"

அவள், அம்மாவைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் சொன்னேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் நடந்தது எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. "அதுல நம்ம பேர் வருதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். அவருக்கும் எனக்கும் சேர்த்து நான் சென்னையிலேயே வெட்டிக் கொடுத்துவிட்ட நிம்மதி அது.

மறுநாள் காலையில் தறியைப் பிரித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தறியில் இருந்தாள். நிலைப்படியில் நின்று, "கொஞ்சம் பேசணும்டி" என்றேன்.

"வேல இருக்குதுடி. நாளைக்கு சேல குடுக்கணும்."

"அத்த எங்க?"

"இனிமே தண்ணிக்குப் போகலன்னு படுத்துகினு கீது."

பிறகுதான் தெரிந்தது. காலையில் குழாயடியில் ஒருத்தி அத்தையிடம் கேட்டிருக்கிறாள், "பெத்த பொண்ணையே மிதிச்சிகினே நெய்ஞ்சியாமே?" என்று. அந்தத் தெருவில் பிள்ளையை ஒளித்து வைக்காத வீடு ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். கேட்டவளும் ஒளித்து வைத்தவளாகத்தான் இருப்பாள். ஆனால் ஸ்பீக்கரில் வந்தது ஒரு வீட்டின் கதை மட்டும். தெரு முழுவதற்குமான பாரத்தை ஒரு பெண்ணின் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நான் அதற்குச் சமூகப் பிரச்சினை என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். அத்தை அந்தக் குழாய்க்கு அதன்பிறகு போகவில்லை. சில மாதங்களில் தேவிகாபுரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

செய்ததைச் சரிசெய்யப் பார்த்தேன். அவளுடைய குரலை எடுத்துவிட்டு, என் குரலில், வாசலில் நின்று நான் சொன்ன பொய்யைப் பதிவு செய்து தறிக்குள் வைத்தேன். வேறொரு ஊரில் ஒரு முறை காட்டினேன். முடிந்ததும் ஒருவர் வந்து என் கையைக் குலுக்கினார். "இவ்வளவு நேர்மையா தன்னையே முன்னால வைக்க ரொம்ப தைரியம் வேணும்" என்றார். அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை உணர்ந்ததும் பயந்துபோனேன். அவளுடைய வலியை வைத்து வாங்கிய பாராட்டு போதாதென்று, இப்போது என் வெட்கத்தை வைத்தும் வாங்க ஆரம்பித்துவிட்டேன். மிதிகளைக் கழற்றிப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு நான் செய்த வேலைகளில் யாருடைய குரலும் கிடையாது. அது ஒரு கொள்கை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். கொள்கை இல்லை. கேட்டு வாங்கியதைக் காப்பாற்றத் தெரியாதவள், கேட்காமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டேன்.

சில வருடம் கழித்து, மின்வெட்டு மிகுந்திருந்த ஒரு கோடையில், ஆரணியில் தேவிகாபுரம் பஸ் ஏறினேன். உறவில் ஒரு வளைகாப்பு. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது யாரோ என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் அவள். நெற்றியோரம் ஒன்றிரண்டு நரை. ஜன்னல் பக்கம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்த?" என்றாள்.

"நேத்து. நீ எங்கடி?"

"அம்மாவுக்கு முடியல. மூணு நாளா சோறு எறங்கல. பாக்கப் போறேன்."

பஸ் முழுக்கப் பேசிக்கொண்டுதான் வந்தோம். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல் அவள் கணவன் விசைத்தறியில் காத்துக்கிடப்பதை, மகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருப்பதை, அவளுக்குக் கணக்கு வரவில்லை என்பதை. இடையில் நடத்துநர் ஏதோ சத்தம் போட, பழைய பழக்கத்தில் அதே குரலில் அவள் முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை, முன்பு போலவே.

மன்னிப்பு என்ற சொல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் நாக்குவரை வந்தது. சுற்றிலும் ஆட்கள், தூங்கும் குழந்தை, இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேவிகாபுரம் வந்தது. மகளை எழுப்பி, பையை என் கையில் கொடுத்துவிட்டு, "வரேன்" என்று முன்னால் போனாள். கூட்டத்தைத் தாண்டி நான் இறங்குவதற்குள் அவர்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டார்கள். பின்னால் போயிருக்கலாம். அத்தையைப் பார்க்க வந்ததாகவே சொல்லியிருக்கலாம். வளைகாப்புக்கு நேரமாகிவிட்டது என்று எதிர்ப்பக்கம் நடந்தேன்.

அத்தை அந்த வாரமே தவறிவிட்டார் என்று சென்னைக்குத் திரும்பிய பிறகு என் அம்மா போனில் சொன்னாள்.